செப்டம்பர் கடைசியில் தேனிலவு: மிரிஸ்ஸவா, நிலாவெளியா?

மல்லிகைமொட்டு

ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம். மறுவீடு, விருந்தெல்லாம் முடித்துக் கிளம்ப செப்டம்பர் 20 தாண்டிவிடும். கையில் ஒன்பது நாள். இலங்கை என்பதுவரை இருவருக்கும் ஒத்துப்போய்விட்டது, அதற்கு மேல்தான் தகராறு.

அவருக்குத் தென் கரை வேண்டும். மிரிஸ்ஸ, பக்கத்தில் காலி என்ற கோட்டை நகரம். நீலத் திமிங்கிலத்தை நேரில் பார்க்க வேண்டும் என்பது பள்ளிக்கூடக் காலத்து ஆசையாம். மிரிஸ்ஸவில் இருக்கும் அந்தத் தென்னை மரக் குன்றின் படத்தைக் கைப்பேசி முகப்பிலேயே வைத்திருக்கிறார். எனக்குக் கிழக்குக் கரை, திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளி. கூட்டம் குறைவு, புறாமலைத் தீவில் இடுப்பளவுத் தண்ணீரிலேயே மீன்களைப் பார்க்கலாம் என்கிறார்கள், கோணேசர் கோயிலும் இருக்கிறது. எனக்கு நீச்சல் தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"ரெண்டையும் பார்த்துட்டு வாங்களேன்" என்று சொல்ல வீட்டிலேயே ஆறு பேர் இருக்கிறார்கள். அதைத் தவிர வேறு ஏதாவது சொல்லுங்கள்.

ஈரச்செருப்பு

நாங்கள் மிரிஸ்ஸவுக்குப் போனது ஜூலையில். அது சீசன் இல்லை என்று தெரிந்தேதான் போனோம், அறை வாடகை இறங்கியிருந்தது. மழை நாள் முழுக்கப் பெய்யவில்லை. காலையில் ஒரு பாட்டம், ராத்திரியில் ஒரு பாட்டம், நடுவில் நல்ல வெயில்கூட அடித்தது. பிரச்சினை கடல்தான். கரையில் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். தண்ணீர் படத்தில் இருக்கும் நீலத்தில் இல்லை, மணலைக் கலக்கிக்கொண்டு பழுப்பாக வந்தது. அலை உடைகிற சத்தத்தில் சாப்பாட்டு மேசையில் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருந்தது. திமிங்கிலம் பார்க்கப் போகும் படகுகள் துறைமுகத்துக்குள் கட்டிக்கிடந்தன.

தென்னைக் குன்று சின்ன மேடுதான், ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம். சாயங்காலம் போனால் படம் எடுக்க வரிசையில் நிற்க வேண்டும். எங்களுக்கு ஊர் பிடித்திருந்தது. ஆனால் கடலில் இறங்க ஆசைப்பட்டு வருகிறவருக்கு அந்த மாதத்தில் நான் சொல்ல மாட்டேன்.

செப்டம்பர் கடைசி எப்படி என்று கிழக்குக்காரர் யாராவது சொன்னால்தான் உண்டு.

கச்சான்காற்று

நான் திருகோணமலைக்காரன். எனக்கு ஒருபக்கச் சார்பு இருக்கும், அதைக் கழித்துவிட்டு வாசியுங்கோ.

இலங்கையில் எந்தக் கடற்கரை நல்லது என்று யாரும் கேட்டால், எந்த மாதம் வாறீங்கள் என்றுதான் நாங்கள் திருப்பிக் கேட்போம். மே தொடக்கம் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அது முதலில் வந்து மோதுவது தெற்கிலும் மேற்கிலும். மழையை அந்தக் கரைகளிலும் மலைநாட்டின் மேற்குச் சரிவிலும் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும்போது வெறும் காய்ந்த சூட்டுக் காற்றாகத்தான் வரும். கச்சான் என்போம். உடம்பெல்லாம் எரியும், ஆனால் கடலுக்கு அது நல்ல காற்று. தரையிலிருந்து கடல் பக்கமாக அடிக்கிறபடியால் கரையோரம் அலை எழும்பாது. ஆனி, ஆடியில் விடியற்காலை வந்து பார்த்தால் நிலாவெளிக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், சின்னப் பிள்ளைகள் தனியாக நின்று விளையாடும்.

ஐப்பசி பிறந்தால் கதை மாறிவிடும். வாடை திரும்பும். கார்த்திகை, மார்கழியில் எங்கள் பக்கம் அடைமழை, சில வருஷம் புயலும் வரும். தெற்குக் கடல் அமர்ந்து நீலமாவது அப்போதுதான். மிரிஸ்ஸவின் அந்தப் படங்களில் பெரும்பாலானவை டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் எடுத்தவை.

தங்கச்சி, நீங்கள் வரும் தேதி எங்கள் பருவத்தின் வால் பகுதி. கடல் இன்னும் நல்லாத்தான் இருக்கும். பின்னேரத்தில் இடியோடு ஒரு மழை வரலாம், கொட்டிவிட்டுப் போய்விடும். இதையே ஐப்பசி நடுப்பகுதி என்று எழுதியிருந்தால் நான் வாங்கோ என்று சொல்லியிருக்க மாட்டேன்.

கோட்டைச்சுவர்

எல்லாரும் தேனிலவு என்றால் கடலில் குளிப்பது மட்டும்தான் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்களே. நான் தெற்குக்காக வாதாட வந்திருக்கிறேன், குறிப்பாகக் காலிக்காக.

காலிக் கோட்டைக்கு மழை ஒரு குறையே இல்லை. 1588இல் போர்த்துக்கீசர் போட்ட கோட்டையை 1640இல் டச்சுக்காரர்கள் பிடித்து, கல் மதிலாகப் பெரிதாக எழுப்பினார்கள். 1988இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஆனால் அருங்காட்சியகம் மாதிரிப் பூட்டி வைத்த இடமல்ல. உள்ளே இன்னமும் குடும்பங்கள் இருக்கின்றன, பள்ளிக்கூடம், பள்ளிவாசல், நீதிமன்றம் எல்லாம் நடக்கிறது. பழைய டச்சு வீடுகள் பலவற்றைத் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். தடித்த சுவர், நீளமான திண்ணை, நடுவில் முற்றம். மழை வந்தால் அந்த முற்றத்தில் விழுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மத்தியானத்தை ஓட்டிவிடலாம்.

சாயங்காலம் மணிக்கூண்டிலிருந்து கலங்கரை விளக்கம் வரை மதில் மேலேயே நடக்கலாம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஓட்டு வீடுகள், வடக்கே திரும்பினால் கீழே டெஸ்ட் கிரிக்கெட் மைதானம். 2004 சுனாமி வெளியே ஊரைப் புரட்டிப் போட்டபோது கோட்டைக்குள் இருந்தவர்களைப் பெரும்பாலும் காப்பாற்றியது அந்த மதில்தான். அங்கே குடை பிடித்துக்கொண்டு நடந்தாலும் அழகுதான்.

அப்புறம் கொழும்பிலிருந்து காலிக்கு ரயில். பாதி வழி தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே நாலு தென்னை மரம்தான் இருக்கும். கொந்தளிக்கிற கடலை அந்த ஜன்னலிலிருந்து பார்ப்பது தனி அனுபவம்.

மல்லிகைமொட்டு

@கோட்டைச்சுவர் படித்ததும் அவரிடம் காட்டினேன். "பாத்தியா" என்கிறார். ஆனால் காலிக்காகப் போகிறோமா, திமிங்கிலத்துக்காகப் போகிறோமா என்று கேட்டால் திமிங்கிலத்துக்காக என்கிறார். செப்டம்பர் கடைசியில் அது கிடைக்குமா?

நீர்மூழ்கி

திமிங்கிலம் பற்றி நான் சொல்கிறேன்.

மிரிஸ்ஸ திமிங்கிலத்துக்குப் பேர் போனதற்குக் காரணம் கடலடித் தரை. அங்கே கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடிப் பகுதி, ரொம்பக் குறுகல், கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஆழம் சட்டென்று இறங்கிவிடும். ஆழ்கடலில் மேயும் பிராணி கரைக்கு இவ்வளவு அருகில் வருவது அதனால்தான். சீசன் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. அந்த மாதங்களில் காலை ஆறரை வாக்கில் படகுகள் கிளம்பும். வயிறு புரட்டாமல் இருக்க மாத்திரையை முந்தின இரவே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் தூரத்தில் ஒரு நீர்ப்புகை மேலே எழும். பிறகு சாம்பல் நிற முதுகு வரும், வந்துகொண்டே இருக்கும், முடியவே முடியாது. வால் தெரிவது சில சமயம்தான்.

செப்டம்பர் கடைசியில் படகு போகும் நாளும் உண்டு, போகாத நாளும் உண்டு. போனாலும் எதிர் அலையில் நாலைந்து மணி நேரம். அந்தப் பயணத்தைப் புதுசாகக் கல்யாணமான இருவர் பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்துக்கொண்டு கழிப்பதை நான் விரும்ப மாட்டேன்.

திருகோணமலையிலும் திமிங்கிலம் உண்டு என்று யாராவது வந்து சொல்வார்கள். உண்மைதான். துறைமுக வாயிலிலேயே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது, நீலத் திமிங்கிலமும் விந்துத் திமிங்கிலமும் வரும். ஆனால் உங்கள் தேதியில் அதையும் நம்பிப் போகாதீர்கள். திமிங்கிலம்தான் வேண்டும் என்றால் பிப்ரவரியில் மிரிஸ்ஸ. வேறு பதில் எனக்குத் தெரியாது.

சும்மா_இரு

கச்சான் அண்ணன் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். நிலாவெளியில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒன்றுமே கிடையாது. விடுதிச் சாப்பாடு, அப்புறம் இருட்டு, அப்புறம் நாய்கள். தெற்கில் உனவட்டுன, வெலிகம, மிரிஸ்ஸ எல்லாம் ஒரே கரையில் வரிசையாக இருக்கின்றன. ராத்திரி நடந்து போய் ஒரு காபி குடிக்கலாம், பாட்டு கேட்கலாம், நாலு பேரைப் பார்க்கலாம்.

நிச்சயம் பண்ணி வைத்த கல்யாணமாக இருந்து, இன்னும் முழுசாகப் பழகாதவர்களாக இருந்தால், அந்த அமைதி முதல் நாள் இனிக்கும், மூன்றாம் நாள் இருவரும் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஊர் கொஞ்சம் பேச்சுக்கு விஷயம் கொடுக்க வேண்டும்.

கச்சான்காற்று

@சும்மா_இரு நாய்கள் பற்றிச் சொன்னது உண்மை, மறுக்கமாட்டேன்.

ஆனால் அதற்கு ஒரு வழி இருக்கு. நிலாவெளி, திருகோணமலைப் பட்டணத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் போல வடக்கே. இடையில், பட்டணத்துக்குக் கிட்டவே உப்புவெளி இருக்கு. அங்கே கடற்கரையில் வரிசையாகச் சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள், மணலில் மேசை போட்டிருப்பார்கள், வெளிநாட்டுப் பிள்ளைகள் இருந்து கதைத்துக்கொண்டிருப்பார்கள். தெற்கு அளவுக்கு இல்லை, ஆனால் நடமாட்டம் இருக்கும். முதல் இரண்டு இரவு உப்புவெளி, பிறகு நிலாவெளி என்று பிரித்துப் பார்க்கலாம். இரண்டுக்கும் இடையில் ஓட்டோவிலேயே போய்விடலாம்.

வெள்ளிமூக்குத்தி

எனக்கு இதில் பட்டறிவு இருக்கிறது, நாங்கள் தேனிலவுக்குப் போனது கிழக்கே. மல்லிகை, நீச்சல் தெரியாது என்று எழுதியிருந்தாயே, நானும் அதே கட்சி. புறாமலை பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான், படகில் ஏறி உட்கார்வதற்குள் வந்துவிடும். தேசியப் பூங்கா என்பதால் வனவிலங்குத் துறையின் நுழைவுச் சீட்டு தனி, படகுக்குத் தனி. வெளிநாட்டவருக்குச் சீட்டு விலை உள்ளூர்க்காரர்களை விடப் பல மடங்கு. அதைப் பார்த்து அங்கே நின்று கோபப்படாதீர்கள், முன்கூட்டியே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

தீவில் இறங்கினால் மணல் குறைவு, உடைந்த பவளத் துண்டுகள்தான் அதிகம். வெறுங்காலில் நடந்தால் கண்ணாடி குத்துகிற மாதிரிக் குத்தும். தண்ணீரில் போடக்கூடிய ரப்பர் செருப்பு கட்டாயம். உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, மூச்சுக்குழாய் முகமூடியைப் போட்டுக்கொண்டு, முகத்தைத் தண்ணீரில் வைத்தால் போதும். முதல் தடவை மூக்கால் மூச்சு இழுக்கப் பார்த்து இருமல் வரும். இரண்டு நிமிடம் நின்ற இடத்திலேயே பழகிக்கொண்டு பிறகு போக வேண்டும். எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டு இழுத்துப் போனார். கிளி மீன் பவளத்தைக் கொறிக்கிற சத்தம் தண்ணீருக்குள் நொறுக்நொறுக் என்று கேட்கும், யாரும் எனக்கு முன்னால் சொல்லவில்லை. கரும்புள்ளித் துடுப்பு வைத்த குட்டிச் சுறாக்கள் காலையில் ஆழம் குறைந்த இடத்துக்கு வரும். மனிதரைக் கண்டால் அதுதான் ஓடும்.

காலை முதல் படகிலேயே போய்விட வேண்டும். பத்து மணிக்கு மேல், அதுவும் சனி ஞாயிறு என்றால், மீனை விட மனிதக் கால்கள்தான் கண்ணில் படும். பவளத்தின் மேல் நிற்காதீர்கள். நிறைய ஏற்கெனவே செத்து வெளுத்துக் கிடக்கிறது, மிச்சம் இருப்பதையாவது மிதிக்காமல் விடலாம். முதுகு வெந்துவிடும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டே இறங்கு. கல்யாணப் புடவையைக் கட்டின தோளில் ஒரு வாரம் தோல் உரிந்துகொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்.

நீர்மூழ்கி

வெள்ளிமூக்குத்தி சொன்னதோடு ஒன்று: தீவின் உள்பக்கத்தில், படகுக்காரர் காட்டும் எல்லைக்குள்ளேயே இருங்கள். வெளிக்கடல் பக்கம் இழுவை இருக்கும். உயிர்காப்புச் சட்டை மிதக்க வைக்குமே தவிர, இழுப்பதை நிறுத்தாது. கரையில் கிளம்பும்போதே சட்டையின் வார், பூட்டு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை எனக்குக் கொடுத்ததில் பூட்டே இல்லை, கயிற்றால் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். வேறு படகு பார்த்தேன்.

மூட்டைமுடிச்சு

யாரும் இன்னும் சொல்லாததால் நான் சொல்லிவிடுகிறேன், ரெண்டையும் பார்த்துட்டு வாங்களேன்! ஒன்பது நாள் இருக்கிறதே. நாலு நாள் நிலாவெளி, மூன்று நாள் காலி.

ஈரச்செருப்பு

@மூட்டைமுடிச்சு வரைபடத்தில் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்கள். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து திருகோணமலை ஐந்தரை, ஆறு மணி நேரம். குருநாகல், தம்புள்ளை, ஹபரண வழி. மிரிஸ்ஸ அதிவேக நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரத்துக்குள். இதெல்லாம் சரி. ஆனால் திருகோணமலையிலிருந்து காலிக்கு ஒரு பகல் முழுக்கப் போய்விடும். தீவின் வடகிழக்கிலிருந்து தென்மேற்குக்கு. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஏறினால் இருட்டின பிறகுதான் இறங்குவீர்கள். பெட்டி கட்டுவது, பிரிப்பது, அறை மாற்றுவது எல்லாம் சேர்த்தால் ஒன்பதில் இரண்டு நாள் காலி. ஊரைச் சொல்லவில்லை.

கல்யாண வேலை முடித்து வருகிறவர்கள் முதல் இரண்டு நாள் தூங்கத்தான் போகிறார்கள். அதையும் கழியுங்கள்.

மிரிஸ்ஸ_ஆசாமி

வணக்கம். நான்தான் அந்தக் கைப்பேசி முகப்புக்காரன். இந்த இழையைத் தினமும் இரண்டு வேளை எனக்குப் படித்துக் காட்டுகிறார்கள், அதனால் நானே வந்துவிட்டேன்.

நீர்மூழ்கி சொன்ன பிளாஸ்டிக் பை விஷயம் என்னைக் கொஞ்சம் அசைத்துவிட்டது. பஸ்ஸில் பின் இருக்கையில் உட்கார்ந்தாலே எனக்கு ஆகாது. ஆனால் எனக்கு ஒரே ஒரு வருத்தம். கடற்கரையில் ஐந்து நாள் சும்மா படுத்துக்கிடக்க என்னால் முடியாது. பெரிசாக ஏதாவது பார்க்க வேண்டும். திமிங்கிலம் இல்லையென்றால் கிழக்கில் எனக்கு என்ன இருக்கிறது? கோயிலைச் சொல்லாதீர்கள், அது அவள் கணக்கு.

கச்சான்காற்று

தம்பி, உங்களுக்கு யானை இருக்கு.

சும்மா ஒன்றிரண்டு இல்லை. ஹபரணக்குப் பக்கத்தில் மின்னேரியாக் குளம். வெயில் காலத்தில் தண்ணீர் வற்ற வற்ற, வெளியே வந்த குளத்துப் படுகையில் புல் முளைக்கும். சுற்றுக்காட்டில் எல்லாம் காய்ந்து போகும்போது யானைகள் கூட்டம் கூட்டமாக அங்கே இறங்கும். ஆடி, ஆவணி, புரட்டாதியில்தான் அதிகம். பின்னேரம் போனால் குட்டிகளோடு நூற்றுக்கணக்கில் நிற்பதை ஒரே பார்வையில் பார்க்கலாம். சில வருஷம் குளத்தில் தண்ணீர் மட்டம் உயர்ந்திருந்தால் புல் மூழ்கிவிடும், யானைகள் பக்கத்துக் கவுடுல்லப் பூங்காப் பக்கம் நகர்ந்துவிடும். எங்கே நிற்கிறது என்று ஜீப்காரர்களுக்கு அன்றன்றைக்குத் தெரியும். இந்தப் பூங்காவுக்குத்தான் போக வேண்டும் என்று அடம் பிடிக்காமல் அவர்களைக் கேளுங்கோ.

விமான நிலையத்திலிருந்து எங்கள் பக்கம் வரும் வழியிலேயே இருக்கு, தனியாகச் சுற்ற வேண்டாம். சிகிரியாப் பாறைக் கோட்டையும் அதே வழி. ஆயிரத்து இருநூறு படி. காலை கதவு திறக்கும்போதே ஏறிவிட்டால் வெயிலுக்கு முன் இறங்கிவிடலாம்.

மிரிஸ்ஸ_ஆசாமி

இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாமே அண்ணா.

சும்மா_இரு

அப்போது இழை இவ்வளவு தூரம் வந்திருக்காது.

ஒன்று மட்டும்: யானைக்கு மிக நெருக்கமாகப் போகச் சொல்லி ஜீப்காரரை வற்புறுத்தாதீர்கள். படத்துக்காக எல்லா ஜீப்பும் ஒரே கூட்டத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் நமக்கே சங்கடமாக இருக்கும். கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்கள். அதுவும் உதவிதான்.

வெள்ளிமூக்குத்தி

கோயிலைப் பற்றி அவர் கணக்கு வேறு என்றாலும் நான் சொல்லத்தான் போகிறேன். கோணேசர் கோயில் செங்குத்தான பாறை மேல், மூன்று பக்கமும் கடல். சம்பந்தர் பாடிய தலம். பழைய கோயிலைப் போர்த்துக்கீசர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கீழே கோட்டை கட்டினார்கள். இப்போது கோயிலுக்குப் போகும் பாதை அந்தக் கோட்டைக்குள்தான் போகிறது. உள்ளே ராணுவ முகாம் இருக்கிறது, புள்ளிமான்கள் மாடு மாதிரிச் சுற்றித் திரியும், கையில் பை வைத்திருந்தால் மூக்கை நுழைக்கும்.

மேலே ஏறினால் இராவணன் வெட்டு. பாறை இரண்டாகப் பிளந்து, கீழே வெகு ஆழத்தில் தண்ணீர் கறுப்பு நீலமாகத் தெரியும். பக்கத்து மரத்தில் குழந்தை வரம் கேட்டுச் சின்னச் சின்னத் தொட்டில் கட்டியிருப்பார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் என்று தெரிந்தால் தொட்டில் விற்கிறவர் உங்களை விடமாட்டார், இப்போதே பதிலை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தியானம் போகாதே. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், கல் தகித்துவிடும். மாலைப் பூசைக்குப் போ.

இன்னொன்று, சொன்னால் சிரிப்பாய். அங்கே பாடல் பெற்ற சிவன் கோயில் இருக்கிறது என்று மாமியாரிடம் இப்போது வாய் திறக்காதே. "நாங்களும் ஒரு எட்டு வந்து கும்பிட்டுட்டுப் போறோமே" என்று கிளம்பிவிடுவார்கள். திரும்பி வந்து விபூதி கொடுக்கும்போது சொல்லிக்கொள்ளலாம்.

மல்லிகைமொட்டு

அக்கா, தாமதமாகச் சொல்லிவிட்டீர்கள். அத்தைக்கு ஏற்கெனவே தெரியும். இதுவரை கேட்கவில்லை. வேண்டிக்கொள்ளுங்கள்.

கோட்டைச்சுவர்

சரி, என் கட்சி தோற்றுவிட்டது. ஆனால் ஒரு திருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இப்போது கிழக்கு. முதல் கல்யாண நாளுக்கு முன்னால் ஒரு பிப்ரவரியில் நாலு நாள் எடுத்து, காலியிலும் மிரிஸ்ஸவிலுமாகத் தங்குங்கள். கடல் அமர்ந்திருக்கும், படகில் தைரியமாக ஏறலாம். அதற்கு விடுமுறையை இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள், அப்புறம் வாழ்க்கை விடாது.

காலிக்குள் தங்கும்போது மதிலுக்கு ஒட்டின தெருவில் அறை கேளுங்கள், பிரதான தெருவில் வேண்டாம், ஓட்டோ சத்தம்.

மிரிஸ்ஸ_ஆசாமி

பிப்ரவரியை எழுதி வாங்கிக்கொண்டேன். இப்போதைய திட்டம் இது: இறங்கின அன்று நேராக ஹபரண பக்கம், இரண்டு இரவு. ஒரு பின்னேரம் யானை, ஒரு காலை சிகிரியா. அப்புறம் உப்புவெளி இரண்டு, நிலாவெளி மூன்று. கடைசி இரவு நீர்கொழும்பில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில். சரியா?

ஈரச்செருப்பு

கடைசி இரவை நீர்கொழும்பில் போட்டது புத்திசாலித்தனம். விமானம் காலையில் என்றால் நிலாவெளியிலிருந்து நடுராத்திரியில் கிளம்ப வேண்டியிருக்கும். அந்தச் சாலையில் ஹபரண பக்கம் இருட்டில் யானை குறுக்கே வரும். காசு கொடுத்துப் பார்க்க வேண்டியதை இலவசமாக, மிகப் பக்கத்தில் பார்க்க நேரிடும்.

முதல் நாளில் மட்டும் எனக்குச் சந்தேகம். விமானம் மத்தியானத்துக்கு மேல் இறங்குவதாக இருந்தால் அன்றைக்கே ஹபரண போவதை விடுங்கள்.

மிரிஸ்ஸ_ஆசாமி

காலை ஒன்பதுக்கு இறங்குகிறோம்.

ஈரச்செருப்பு

அப்போது தாராளமாக.

சும்மா_இரு

அறை போடும்போது இரண்டு விஷயம். கடலைப் பார்த்த அறை வேறு, கடல் தெரியும் அறை வேறு. இரண்டாவதில் ஜன்னலில் எட்டி, கழுத்தைத் திருப்பினால் ஒரு நீலக் கீற்று தெரியும். எந்த அறை என்று எண்ணைக் கேட்டு, படம் அனுப்பச் சொல்லுங்கள். இரண்டாவது, ஒரே பெரிய கட்டில் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். கேட்காவிட்டால் இரண்டு ஒற்றைக் கட்டிலைச் சேர்த்துப் போட்டு, மேலே துண்டில் அன்னம் செய்து வைத்துவிடுவார்கள். ராத்திரி நடுவில் பிளந்துகொள்ளும்.

நீர்மூழ்கி

போயா நாளையும் பாருங்கள். ஒவ்வொரு பௌர்ணமியும் இலங்கையில் பொது விடுமுறை. அன்று மது விற்கமாட்டார்கள், விடுதியிலும் பெரும்பாலும் கிடைக்காது. அது உங்களுக்குப் பொருட்டில்லை என்றாலும், உள்ளூர்க் குடும்பங்கள் எல்லாம் கிளம்பிவிடும் நாள் என்பதால் புறாமலைக்கும் சிகிரியாவுக்கும் அன்று போகாதீர்கள். ட்ரோன் கொண்டு வருவதாக இருந்தால் அனுமதி வாங்க வேண்டும். திருகோணமலை கடற்படைத் தளம் உள்ள ஊர், அங்கே சும்மா பறக்கவிட்டுப் பார்க்க வேண்டாம்.

மல்லிகைமொட்டு

ட்ரோன் இல்லை. போயா பார்த்துவிட்டேன், அன்று நிலாவெளியில் இருக்கிறோம், எங்கேயும் நகரப்போவதில்லை.

கடைசிச் சந்தேகம், கச்சான் அண்ணாவுக்கு. வாகனத்தை ஒன்பது நாளுக்கும் ஓட்டுநரோடு சேர்த்துப் பேசச் சொல்கிறார்கள். கடற்கரையில் இருக்கும் ஐந்து நாளும் அவர் சும்மா காத்துக்கிடக்க வேண்டுமே, அவர் எங்கே தங்குவார்? அதற்கும் காசு கொடுத்து, மனசும் உறுத்திக்கொண்டு இருப்பதா?

கச்சான்காற்று

அப்படிப் பேச வேண்டாம் தங்கச்சி. விமான நிலையத்திலிருந்து ஹபரண, அங்கே இரண்டு நாள், பிறகு உப்புவெளியில் கொண்டுவந்து விடுவது, அதோடு முடித்துக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுங்கோ. அந்த இரண்டு இரவுக்கு விடுதியில் ஓட்டுநருக்கு அறையும் சாப்பாடும் இருக்கா என்று முதலே கேளுங்கோ. பெரிய விடுதிகளில் இருக்கும், சின்ன இடங்களில் இல்லாவிட்டால் அவர் வண்டிக்குள்ளேயே படுப்பார், அடுத்த நாள் நித்திரைக் கண்ணோடு உங்களை ஏற்றிக்கொண்டு ஓடுவார்.

திருகோணமலையில் ஐந்து நாளும் ஓட்டோ போதும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் அதிலேயே போகலாம். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு, வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்ள அரை மணித்தியாலம் காணும். ஏறமுன் விலை பேசிவிடுங்கோ. திரும்பிப் போக நீர்கொழும்புக்கு இங்கிருந்தே ஒரு வாகனம் பிடித்தால் ஒருவழிக் காசுதான். வெளிக்கிடும் நாளுக்கு இரண்டு நாள் முன் விடுதிக்காரரிடம் சொன்னால் ஒழுங்குபடுத்தித் தருவார், காலை ஏழு மணிக்கு என்று சொல்லுங்கோ, ஏழரைக்கு வரும்.